அம்மம்மாவின் பச்சை

அக்காவுக்கு வணக்கம்,

விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். எனக்குத் திரும்பத் திரும்ப ஒரு கனவு வரும். குளக்கட்டில் அம்மம்மா பச்சைச் சீலையோடு நடந்து போவா. மற்றதொன்றும் தெளிவில்லை; அந்தப் பச்சை மட்டும் விழித்த பிறகும் கண்ணிலேயே நிற்கும். அதைப் போனில் கொலாஜாகச் செய்யப் பார்க்கிறேன். இணையத்தில் இருந்து நிலா, மேகம், மயில் எல்லாம் எடுத்து ஒட்டினேன். வடிவாய்த்தான் இருக்கிறது, ஆனால் என் கனவு மாதிரி இல்லை. அம்மம்மாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை. 2009 இடப்பெயர்வில் அல்பம் போய்விட்டது. தன் கனவுகளில் நிறமே வராது என்று அம்மா வேறு சொல்கிறா. எனக்கு மட்டும்தான் இப்படியா? படம் இல்லாத ஒருவரை எப்படி ஒட்டுவது?

ச.

அன்புள்ள ச.,

முதலில் அம்மா சொன்னதைப் பார்ப்போம். 1942இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டபோது பத்தில் ஏழு பேர், கனவில் நிறம் வருவது அரிது, அல்லது வருவதே இல்லை என்றார்கள். இன்றைய மாணவர்களில் அப்படிச் சொல்பவர்கள் குறைவு. 2008இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ஈவா மர்சின் செய்த ஆய்வில், கறுப்பு வெள்ளைத் திரையைப் பார்த்து வளர்ந்த வயதானவர்களே நிறமில்லாக் கனவை அதிகம் சொன்னார்கள். இந்த விளக்கத்தை அப்படியே வன்னிக்குத் தூக்கிவர முடியாது. ரூபவாஹினி 1982இல் தொடங்கும்போதே நிறத்தில்தான் வந்தது. போர்க்காலத்தில் மின்சாரமே இல்லாமல், ஜெனரேற்றர் பிடித்து டெக்கில் படம் பார்த்த சனம் நாங்கள். அம்மா அதிகம் பார்த்த கறுப்பு வெள்ளைப் படம் அடையாள அட்டையில் இருந்ததாகத்தான் இருக்கும்!

எரிக் சுவிட்ஸ்கெபெல் என்ற மெய்யியலாளர் இன்னொன்று சொல்கிறார். கனவு நிறத்திலும் இல்லாமல், கறுப்பு வெள்ளையிலும் இல்லாமல் இருக்கலாமாம். கதை வாசிக்கும்போது வாசலில் ஒரு சைக்கிள் நிற்கிறது என்று வருகிறது. சைக்கிள் மனதில் வந்துவிடும். அது என்ன நிறம் என்று யாராவது கேட்கும்வரை அதற்கு நிறமே இராது. இந்த யோசனை எனக்கு நிரம்பப் பிடிக்கும். உங்கள் கொலாஜ் ஏன் கனவு மாதிரி இல்லை என்பதும் இதிலே தெரிகிறது. கனவில் நிறம் இருந்தது ஒரே ஒரு சீலைக்கு. நீங்கள் எல்லாவற்றுக்கும் நிறத்தை அள்ளிக் கொடுத்துவிட்டீர்கள். அம்மம்மாவின் குளக்கட்டில் ஊதா மேகத்துக்கு என்ன வேலை?

அதற்காக மற்ற எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பச்சையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கல்யாண அல்பத்தில் ரோசாப்பூவை மட்டும் சிவப்பாக விடுவார்களே, அந்த வித்தையாகிவிடும். சீலையை விட்டு, மற்ற ஒவ்வொரு லேயரிலும் (ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும் பட அடுக்கு) நிறச்செறிவைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். பார்ப்பவருக்கு இது என்ன நிறம் என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு இருந்தால் போதும். குளக்கட்டின் செம்மண் கிரவலை மட்டும் அவ்வளவு இறக்க வேண்டாம். செவ்ரொல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், சித்திரத் திரைச்சீலை நெய்யும் கோப்லன் ஆலையில் சாயப் பகுதியைப் பார்த்தவர், 1839இலேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார்: ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்து நிறம் தீர்மானிக்கும். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை இன்னும் பச்சையாகத் தெரியும். வன்னியின் கிரவல் சும்மா கிடைத்த சிவப்பு. ஆடி, ஆவணி வெயிலில் குளக்கட்டைப் படம் எடுத்து வையுங்கள். மாரி மழைக்குப் பிறகு போனால் புல் முளைத்துச் சீலையின் பச்சையைத் தின்றுவிடும். ஒன்று கவனம்: சீலையைக் கிரவலுக்கு மேல் வைத்து 'மல்டிப்ளை' என்ற கலப்பு முறையைக் கொடுத்தால் இரண்டும் பெருகிச் சேறாகக் கறுக்கும். 'நோர்மல்' போதும். வேண்டாத பகுதியை அழிக்காமல் மாஸ்க் போட்டு மறையுங்கள், நாளைக்கு மனம் மாறினால் திரும்ப எடுக்கலாம். போனில் ஐபிஸ் பெயிண்ட் இதற்குப் போதும், கணினி இருந்தால் கிம்ப். இரண்டுக்கும் காசு இல்லை.

இனி அம்மம்மா. இணையத்தில் இருந்து யாரோ ஒரு கிழவியின் முகத்தை எடுத்து ஒட்டாதீர்கள். அம்மம்மாவின் பழைய அடையாள அட்டை சொந்தக்காரர் யாரிடமாவது கிடக்கிறதா என்று விசாரியுங்கள். சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து, வீட்டில் எதை விட்டாலும் அதை மட்டும் பொலித்தீனில் சுற்றி மடியில் கொண்டு திரிந்தார்கள் எங்கள் சனம். கிடைத்தால், நிறம் பூசித் தரும் செயலிகளிடம் கொடுக்க வேண்டாம். அவற்றுக்கு அம்மம்மாவைத் தெரியாது, ஊகித்து ஏதோ ஒரு மங்கல் நிறத்தைப் பூசிவிடும்.

கிடைக்காவிட்டால் சீலையில் இருந்து தொடங்குங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிச் சீலைக்கடைக்குப் போங்கள். பச்சை என்றால் எது? கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா? கனவில் நிறம் வராத அம்மாதான் அங்கே 'இது இல்லை, இது இல்லை' என்று ஒவ்வொன்றாகத் தள்ளுவா, பாருங்கள். கிடைத்ததை அம்மாவே உடுத்திக் குளக்கட்டில் நடக்கட்டும். முதுகுப் பக்கமாக, தூரத்தில் இருந்து எடுங்கள். நடையில் தாயும் மகளும் ஒத்திருப்பார்கள். நிறம் சரியாக விழ வேண்டுமென்றால் உச்சி வெயில் வேண்டாம். போனில் வைட் பேலன்ஸை (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஒரே நிலையில் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் படத்துக்குப் படம் பச்சை மாறும். வெட்டும்போது விளிம்பு பிசிறாக வந்தால் வரட்டும். நிழல் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் விழுந்தாலும் திருத்த வேண்டாம், கனவில் யார் சூரியனைப் பார்த்தது?

இன்னொன்று. வன்னி என்றவுடன் தறப்பாளும் முள்கம்பியும் வைக்கச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். கனவில் வந்திருந்தால் வையுங்கள். வராவிட்டால், அது அவர்களுடைய கனவு.

அச்சடிக்கும் எண்ணம் இருந்தால் ஏ4 அளவுக்கு 2480க்கு 3508 பிக்செல் என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பெருப்பித்தால் உடைந்துவிடும். திரையில் தெரியும் பச்சை மையில் மங்கித்தான் வரும், கடைக்காரருடன் சண்டை பிடிக்க வேண்டாம். முடிந்ததும் எனக்கும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் என்றால் ஆவணமாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

அன்புடன்,
அக்கா