விமானத்தில் உதவிக்குக் கூப்பிட்டால் எழுந்து போகலாமா?

கேள்வி: கண் மருத்துவப் பிரிவில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கும் நர்ஸ் நான். சமீபத்தில் ஓர் இரவு விமானத்தில், "டாக்டரோ நர்ஸோ யாராவது இருந்தால் உதவுங்கள்" என்று அறிவித்தார்கள். பெரியவர் ஒருவர் மயங்கி விழுந்திருந்தார். பயத்தில் நான் எழுந்திருக்கவே இல்லை. வேறொருவர் போய்ப் பார்த்தார், பெரியவரும் தேறிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நான் போய் ஏதாவது தப்பாகியிருந்தால் என் மேல் வழக்கு வந்திருக்குமா? இதற்கென்றே தனி பாலிசி இருப்பதாகவும் உடனே எடுக்கச் சொல்லியும் ஒரு ஏஜென்ட் தினமும் போன் செய்கிறார். எடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எடுக்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தொழில்முறைக் காப்பீட்டை ஒருமுறை படித்துப் பார்க்கும்வரை அந்த ஏஜென்ட்டின் போனைக்கூட எடுக்க வேண்டாம். பயந்துபோன டாக்டர், நர்ஸ்களிடம் இல்லாத பூதத்தைக் காட்டி விற்பவர்களை வருடக்கணக்காகப் பார்த்து வருகிறேன். "உலகம் முழுக்க செல்லுபடியாகும் விமான மருத்துவ உதவியாளர் சான்றிதழ்" என்று ஓர் அட்டையை விற்கிறவர்களும் உண்டு. அந்த அட்டை இருந்தால்தான் சட்டப் பாதுகாப்பு என்பது சுத்தப் பொய். உங்கள் நர்ஸ் பதிவுதான் உங்கள் தகுதி.

இனி வழக்குக்கு வருவோம். மருத்துவ வழக்குகள்தான் என் தொழில். விமானத்தில் தானாக முன்வந்து உதவியவர் மீது தொடுத்த வழக்கு ஒன்றுகூட இதுவரை என் மேசைக்கு வந்ததில்லை. சட்டமும் பெரும்பாலும் உதவுபவர் பக்கம்தான் சாய்கிறது. அமெரிக்கா 1998இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. தகுதியுள்ளவர் நல்லெண்ணத்தோடு உதவினால், விளைவு மோசமானாலும் அந்நாட்டு நீதிமன்றங்களில் அவரிடம் நஷ்டஈடு கேட்க முடியாது. டாக்டர் மட்டுமல்ல, நர்ஸும் அதில் அடக்கம். எல்லா நாடுகளும் இப்படி எழுதி வைக்கவில்லை. விமானம் எந்த நாட்டில் பதிவானது, எங்கே இறங்கியது, வழக்கு எங்கே போடப்பட்டது என்பதைப் பொறுத்து எந்தச் சட்டம் என்பது மாறும். அந்தச் சிக்கல் வக்கீல்களுக்கு, உங்களுக்கு வேண்டாம். பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளில், ஆபத்தில் இருப்பவருக்கு உதவ முடிந்தும் உதவாமல் இருப்பதே குற்றம் என்பதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்வது அதைத்தான்: 'கடும் அலட்சியம்'. தவறு செய்வது கடும் அலட்சியம் ஆகாது. அவசரத்தில் நாடித்துடிப்பைத் தப்பாக எண்ணிவிட்டீர்கள், மாரடைப்பை வாயுப்பிடிப்பு என்று நினைத்துவிட்டீர்கள் என்றால் அது மனிதத் தவறு. தெரியாத வேலை என்று தெரிந்தும் துணிந்து கை வைப்பதுதான் கடும் அலட்சியம். ஓர் உதாரணம் சொல்கிறேன். 1995இல் ஹாங்காங்கிலிருந்து லண்டன் போன விமானத்தில் ஒரு பெண்ணின் மார்புக்கூட்டில் காற்று அடைத்து உயிருக்கே ஆபத்தாகிவிட்டது. அங்கஸ் வாலஸ் என்ற எலும்பு அறுவைப் பேராசிரியர், இன்னொரு டாக்டரின் துணையோடு மார்பில் கீறி, சட்டை மாட்டும் ஹேங்கர் கம்பியை வைத்து விறைப்பாக்கிய, சிறுநீர் வடிக்கும் மருத்துவக் குழாயை உள்ளே செலுத்திக் காற்றை வெளியேற்றினார். கிருமி நீக்கப் பிராந்தி, மறுமுனைக்குத் தண்ணீர் பாட்டில்! கேட்டால் அலட்சியத்தின் உச்சம் போலத் தோன்றும். ஆனால் அவருக்கு அந்த வேலை தெரியும், செய்யாவிட்டால் அந்தப் பெண் பிழைக்க மாட்டார் என்பதும் தெரியும். அந்தப் பெண் பிழைத்தார். அதே கம்பியை, கண் பிரிவில் வேலை செய்யும் நீங்கள் தனியாகக் கையில் எடுத்திருந்தால்? அதுதான் கடும் அலட்சியம். கருவி என்ன என்பதல்ல, அதைப் பிடித்த கைக்கு அந்த வேலை தெரியுமா என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி. இரண்டு பெக் போட்டுவிட்டு எழுந்து போவதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

அப்படியானால் எழுந்து போய் என்ன சொல்வது? "நான் கண் பிரிவு நர்ஸ். அவசர சிகிச்சையில் அனுபவமில்லை. என்ன உதவி வேண்டும்?" அவ்வளவுதான். நினைவிருக்கும் நோயாளி என்றால் தொடுவதற்கு முன் அவரிடமும் கேளுங்கள். சிப்பந்திகளுக்கு முதலுதவிப் பயிற்சி உண்டு. பெரும்பாலான பெரிய விமான நிறுவனங்களில் தரையில் இருக்கும் டாக்டரோடு பேசவும் முடியும், பேசச் சொல்லிக் கேளுங்கள். முடிவு அவருடையதானால் பாரம் உங்களுடையதல்ல. விமானத்தைப் பாதியில் இறக்குவதா என்பது கேப்டன் பாடு.

2013இல் வெளியான ஓர் ஆய்வு, ஐந்து விமான நிறுவனங்களிலிருந்து தரைக்கு வந்த சுமார் 12,000 மருத்துவ அழைப்புகளை அலசியது. 604 விமானங்களுக்கு ஒன்று என்ற கணக்கு. அதில் 37 சதவீதம் மயக்கமும் மயக்கம் வருவது போன்ற நிலையும்தான். இறந்தவர்கள் 0.3 சதவீதம். ஐந்தில் ஒன்றில் உதவியது நர்ஸ்தான், சிஸ்டர்! கேபினில் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பது போலிருக்கும். அதோடு உடலில் நீர் குறைந்து, நெடுநேரம் உட்கார்ந்தே இருந்தால் மயக்கம் வருவதில் ஆச்சரியமில்லை. படுக்க வைத்து, காலை உயர்த்தி, ஆக்சிஜன் கொடுத்தாலே பலர் கண் திறந்துவிடுவார்கள். இஞ்சின் சத்தத்தில் ஸ்டெதஸ்கோப் பெரும்பாலும் பயன்படாது, கையில் அழுத்தப் பட்டையைக் கட்டி, விரலால் நாடி பிடித்தே ரத்த அழுத்தம் பாருங்கள்.

மருந்துப் பெட்டியை நம்பி இருக்காதீர்கள். அமெரிக்கா 2004 முதல் கட்டாயமாக்கிய பட்டியலில் ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் போடும் 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஊசி இருந்தது, ரத்தச் சர்க்கரை அளக்கும் கருவி இல்லை! கைக்குள் அடங்கும் கருவி அது. இந்தப் பட்டியல்களை உட்கார்ந்து எழுதுகிறவர்கள் விமானத்தில் ஒரு சர்க்கரை நோயாளியைப் பார்த்ததே கிடையாதா?

எத்தனை மணிக்கு என்ன பார்த்தீர்கள், என்ன கொடுத்தீர்கள் என்று ஒரு காகிதத்தில் குறித்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் நேரத்தில் நீட்டும் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நன்றி சொல்லி சாக்லேட் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஃபீஸ் என்று எதையும் கேட்காதீர்கள். ஃபீஸ் வாங்கினால் தன்னார்வலர் என்ற பாதுகாப்பு ஆட்டம் காணும்.

பாலிசிக்கு வருகிறேன். உங்களுடைய பழைய பத்திரத்தில் 'குட் சமாரிட்டன்' (தானாக முன்வந்து உதவுபவர்) என்ற வார்த்தை இருக்கிறதா என்று தேடுங்கள். பல தொழில்முறைக் காப்பீடுகளில் அது ஏற்கெனவே இருக்கும். கண்ணில் படாவிட்டால், "பணியில் இல்லாத நேரத்தில் விமானத்தில் செய்யும் அவசர உதவி இதில் அடங்குமா?" என்று எழுத்தில் கேளுங்கள். ஏஜென்ட்டிடம் அல்ல, நேராகக் கம்பெனியிடம்.