ரஷ்யனா கசாக்கா என்று கேட்ட வள்ளியூர் அண்ணாச்சிக்கு

போன வாரம் வள்ளியூரிலிருந்து ஹார்ட்வேர் கடை அண்ணாச்சி ஒருவர் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, மேல்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார். மகள் நீட்டில் தகுதி பெற்றுவிட்டாள், ஆனால் இங்கே அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கிற மதிப்பெண் இல்லை. கசகஸ்தானில் அல்மாட்டியில் எம்.பி.பி.எஸ். சீட் இருக்கிறது, எல்லாம் சேர்த்து 25 லட்சம் என்கிறார் ஏஜென்ட். வீட்டுப் பத்திரத்தை வைத்து லோன் போடு என்கிறார் பெரியப்பா. அண்ணாச்சிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: போகிறதுக்கு முன்னால் பிள்ளை ரஷ்யன் படிக்கணுமா, கசாக் படிக்கணுமா?

பயப்படாதீர்கள், அங்கே போனால் ஆறு மாதத்தில் தானாகப் பேச வந்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு மனசில்லை.

அண்ணாச்சி, அந்த ஊரில் இரண்டு மொழியும் வேண்டும். கசாக் அரசு மொழி. ரஷ்யனையும் அரசு அலுவலகங்களில் அதற்குச் சமமாகப் பயன்படுத்த 1995 அரசியலமைப்பு இடம் கொடுத்தது. அல்மாட்டித் தெருவிலும் கடையிலும் ரஷ்யன் போதும். தெற்கே ஷிம்கென்ட், கிஸிலோர்தா பக்கம் போனால் கசாக்தான். ஆங்கில வழி என்று ஏஜென்ட் சொல்வது வகுப்பறைக்குச் சரி, வார்டுக்குப் பொருந்தாது. வயிற்று வலியோடு கிராமத்திலிருந்து வந்த பாட்டியிடம் எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று கேட்பதற்கு ஆங்கிலம் உதவாது. நோயாளியிடம் பேசத் தெரியாத பிள்ளை நான்கைந்து வருடம் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பி வரும். அப்புறம் இங்கே, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300க்கு 150 வாங்க வேண்டும். சமீப வருடங்களில் பெரும்பாலும் பத்துக்கு இரண்டு மூன்று பேர்தான் தேறுகிறார்கள். தேறவில்லை என்றால் அந்தப் பட்டத்தை வைத்து இங்கே ஒரு ஊசி போடக்கூட உரிமை கிடையாது, வட்டி மட்டும் மாதா மாதம் ஓடும்.

இதைவிட என்னைத் தடுத்தது உங்கள் மகள்தான். பயாலஜி எப்படிப் போகிறது என்று கேட்டேன், "பரவாயில்லை சார்" என்றாள், அவ்வளவுதான். மொழியைப் பற்றிப் பேச்சு வந்ததும் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். ரஷ்யனுக்கு 33 எழுத்து. கசாக்குக்கு அதே எழுத்துகளோடு இன்னும் ஒன்பது, ஆக 42. அந்த ஒன்பதையும் தனியாக எழுதி, பக்கத்தில் தமிழில் ஒலி குறித்திருந்தாள், ஒன்றுக்கு நேராக 'ங' என்று. அடுத்த பக்கத்தில் 'உய்லெரிமிஸ்தெ' என்று எழுதி அதை வெட்டி வெட்டிப் பிரித்திருந்தாள்: உய் என்றால் வீடு, லெர் என்றால் கள், இமிஸ் என்றால் எங்கள், தெ என்றால் இல். எங்கள் வீடுகளில். "நம்ம மாதிரியே ஒட்டிக்கிட்டே போகுது சார், வினைச்சொல்லும் கடைசியிலதான் வருது" என்றாள்.

அவள் சொன்னது சரி. எழுத்து ஒன்றாக இருப்பதால் இரண்டும் உறவு என்று நினைத்துவிடுகிறார்கள். கசாக் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதில் ஆண்பால் பெண்பாலே இல்லை, ஏழு வேற்றுமையும் கிட்டத்தட்ட ஒரே ஒழுங்கில் வரும், அதனால் தமிழ்ப் பிள்ளைக்கு இலக்கணம் சீக்கிரம் பிடிபடும். ரஷ்யன் ஸ்லாவியக் குடும்பம். ஆறு வேற்றுமை, மூன்று பால். நான் படித்தேன் என்பதையே ஆண் 'சித்தால்' என்றும் பெண் 'சித்தாலா' என்றும் சொல்ல வேண்டும், சொல்லில் அழுத்தம் எங்கே விழும் என்பதற்கும் எளிய விதி கிடையாது. ஆனால் வேலைச் சந்தை இருப்பது ரஷ்யனுக்கு. கசாக்கை மட்டும் வைத்துக்கொண்டு இந்தியாவில் பிழைப்பது கஷ்டம். ரஷ்யனில் பட்டம், கூடவே இரண்டாவது மொழியாகக் கசாக் என்றால் போட்டிக்கு ஆள் மிகவும் குறைவு.

இன்ஜினியரிங், நர்சிங் பற்றிப் பெரியப்பாவே நிறையச் சொல்வார், நான் அதற்குள் போகவில்லை. என் யோசனை, அவள் மொழியையே படிக்கட்டும். டெல்லி ஜே.என்.யு.விலும் ஹைதராபாத்தில் ஆங்கிலத்துக்கும் அயல்மொழிகளுக்குமான பல்கலைக்கழகமான இஃப்ளுவிலும் பி.ஏ. ரஷ்யன் இருக்கிறது. கியூட் என்கிற பொது நுழைவுத்தேர்வு எழுதிச் சேரலாம், எழுத்திலிருந்தே ஆரம்பிப்பார்கள். இரண்டுமே மத்தியப் பல்கலைக்கழகங்கள். ஜே.என்.யு.வில் வருடக் கல்விக் கட்டணம் சில நூறு ரூபாய்தான், விடுதியும் மெஸ்ஸும்தான் செலவு. பிறகு ரஷ்ய மொழித் திறனுக்கான டார்ஃபல் (TORFL) என்ற தேர்வில் இரண்டாம் நிலையாவது முடிக்க வேண்டும். பட்டத்தை மட்டும் காட்டினால் நல்ல கம்பெனியில் மதிக்க மாட்டார்கள். கசாக்குக்கும் காஸ்டெஸ்ட் என்று தேர்வு இருக்கிறது, அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

வேலை எங்கே என்று அம்மா கேட்டார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கூடங்குளம் இருக்கிறது. அணுஉலைகள் ரஷ்யத் தொழில்நுட்பம், ரஷ்யப் பொறியாளர்கள் வந்து தங்கி வேலை பார்க்கிற இடம், அங்கே இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்று பேச ஆள் வேண்டும். ஆவடியில் கட்டும் டி-90 டாங்கியும் ரஷ்ய வடிவமைப்புதான். நம் மருந்துக் கம்பெனிகள் ரஷ்யாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் மாத்திரை அனுப்பும்போது பதிவு ஆவணம், டப்பாவுக்குள் வைக்கிற தாள் என்று எல்லாவற்றையும் மொழிபெயர்க்கிறார்கள். கசகஸ்தான், உஸ்பெகிஸ்தானிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களுக்காக டெல்லி ஆஸ்பத்திரிகளில் ரஷ்யன் தெரிந்தவர்களை வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குள் நிற்க வேண்டும் என்ற ஆசை வீட்டில் யாருக்காவது இருந்தால் அதற்கும் இதில் வழி இருக்கிறது. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. மருந்து, அணுமின், சட்டம் என்று ஏதாவது ஒரு துறையின் சொற்களைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர்களுக்குத்தான் வருமானம் உயரும்.

பெரியப்பா கோபப்படுவார், "டாக்டர் சீட்டை விட்டுட்டு மொழி படிக்கப் போறாளா" என்று கேட்பார். லோனுக்குக் கையெழுத்துப் போடுவது நீங்கள், படிக்கப் போவது அவள். அவருக்கு இந்த முடிவில் ஓட்டு கிடையாது. மருத்துவம்தான் வேண்டும் என்று உங்கள் மகளே சொன்னால் அது வேறு பேச்சு, அப்போது நானே கூட உட்கார்ந்து தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளைப் பார்க்கிறேன்: 54 மாதப் படிப்பு, அங்கேயே 12 மாத இன்டர்ன்ஷிப், அந்த நாட்டில் டாக்டராகப் பதிவு செய்யும் தகுதி, மூன்றும் இருக்கிறதா என்று. ஆனால் அப்போதும் வீட்டுப் பத்திரத்தைத் தொட வேண்டாம்.

இந்த வருடக் கியூட் முடிந்துவிட்டது, அடுத்ததற்கான விண்ணப்பம் பொதுத்தேர்வு சமயத்திலோ அதற்கு முன்னாலோ வந்துபோய்விடும், கவனமாக இருங்கள். அதுவரை அவளை ரஷ்யன் வகுப்பில் சேருங்கள். சென்னை ஆழ்வார்பேட்டையில் ரஷ்ய மையத்திலேயே சொல்லித் தருகிறார்கள், தூரம் என்றால் ஆன்லைனில் பாருங்கள். மூன்று மாதம் வேற்றுமை உருபுகளோடு மல்லுக்கட்டிய பிறகும் அந்த நோட்டை ஆசையாகத் திறக்கிறாளா என்று பாருங்கள். ஏஜென்ட் கேட்கிற முன்பணத்தை மட்டும் இப்போது கொடுத்துவிடாதீர்கள்.