மழைக்கு மீன் எங்கே போகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒன்றையேதான் சுற்றி வருகின்றன. போன மாதம் மீன் கிடைத்த இடத்தில் இந்த மாதம் ஏன் கிடைக்கவில்லை? அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். அது பிடிபட்டால் மற்றவற்றுக்கு நீங்களே விடை கண்டுபிடிக்கலாம்.

ஐயா, பங்குனி, சித்திரையில் எங்கள் ஊர் ஓடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் குழம்புக்கு மீன் கிடைத்துவிடும். மழைக்காலத்தில் அதே இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் தக்கை அசைவதில்லை. மீன் எல்லாம் கடலுக்குப் போய்விடுகிறதா? – சௌத்தான் வாசகர்

கடலுக்குப் போகவில்லை தம்பி. உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வயலுக்குப் போயிருக்கிறது.

நம் பர்மா நாட்டு ஆறுகள் வெயில்காலத்தில் ஒரு மாதிரி, மழைக்காலத்தில் வேறு மாதிரி. மண்டலையில் ஐராவதியின் தாழ்ந்த மட்டத்துக்கும் உயர்ந்த மட்டத்துக்கும் 9 மீட்டருக்கு மேல் வித்தியாசம் உண்டு. அவ்வளவு தண்ணீரும் கரைக்குள் அடங்குமா? மே மாதக் கடைசியில் மழை பிடித்ததும் ஓடை நிரம்பி, வாய்க்கால் வழியாக வயலுக்கும் புல்வெளிக்கும் பள்ளத்துக்கும் ஏறுகிறது. காய்ந்து கிடந்த புல் நனைந்து அழுகும். அதில் புழு, பூச்சி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் எல்லாம் பெருகும். மீனுக்கு வருஷத்திலேயே பெரிய விருந்து அப்போதுதான். முட்டையிடவும் குஞ்சு ஒளிந்து வளரவும் அதைவிட நல்ல இடம் கிடைக்காது. வாளை அந்தப் புது வெள்ளத்துக்கு ஏறித்தான் முட்டையிடும். ரோகு வெள்ளம் ஓடும்போது முட்டையை நீரில் விடும். பனையேறிக் கெண்டை, நம் ஊரில் ஙா பியேமா என்பார்களே, அது முதல் மழைக்கு ஈரத் தரையிலேயே செவுளை ஊன்றி ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போய்விடும்.

ஆக, பங்குனியில் ஒரு சின்ன ஓடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த மீன் இப்போது ஏக்கர் கணக்கில் சிதறிக் கிடக்கிறது. இரைக்கும் பஞ்சமில்லை. உங்கள் முள்ளில் இருக்கிற ஒரு மண்புழுவை அது ஏன் தேடி வரப்போகிறது? மண் கலங்கிய தண்ணீரில் அந்தப் புழு கண்ணுக்கும் தெரியாது.

எல்லா மீனும் இப்படி இடம் மாறுவதில்லை. உங்கள் ஊரிலேயே ஆற்று நடுவில் இருக்கும் யேலே பயா என்ற புத்தர் கோயிலில் பொரி போட்டுப் பாருங்கள். கெளுத்தி ஒன்றின் மேல் ஒன்று ஏறி வாயைப் பிளக்கும். தினமும் சோறு கிடைக்கிற இடத்தை அது ஏன் விடப்போகிறது? அங்கே தூண்டில் போட யாருக்கும் மனம் வராது, போடவும் கூடாது.

ஆவணியில் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்றால் ஓடை நடுவை விட்டுவிடுங்கள். வயலிலிருந்து வடிகிற தெளிந்த நீர் கலங்கல் ஆற்றில் கலக்கும் இடத்தில் ஒரு கோடு தெரியும், ஒரு பக்கம் தேநீர் நிறம், மறுபக்கம் பால் ஊற்றிய தேநீர் நிறம். அந்தக் கோட்டின் தெளிந்த பக்கத்தில், கரையிலிருந்து இரண்டு முழத்துக்குள் போடுங்கள்.

தூண்டிலுக்கு வருஷத்தில் எந்த மாதம் மிக நல்லது? – ஞாங்லேபின் வாசகர்

அக்டோபரில் வருகிற தடிங்யுட் பௌர்ணமியிலிருந்து கார்த்திகை முடிய. தண்ணீர் வடியும் காலம் அது.

வயலில் ஏறிய மீன் எல்லாம் திரும்பி வந்தாக வேண்டும். மட்டம் குறையக் குறைய, அழுகிய புல்லால் தேங்கிய நீரில் மூச்சுக்காற்றும் குறைகிறது. ரோகு, வாளை போன்ற ஆற்று மீன்கள் அதை முதலில் உணர்ந்து கிளம்பும். விரால், தேளி, பனையேறி இவை வெளிக்காற்றையும் சுவாசிக்கும் என்பதால் கடைசிவரை பள்ளத்தில் கிடக்கும். கிளம்புகிற மீனுக்கு வழி ஒன்றுதான், தண்ணீர் வடிகிற வாய்க்கால். ஊர் முழுக்கச் சிதறியிருந்தது ஒரு குழாய் வழியாக வந்து சேருகிறது.

உங்கள் பக்கத்திலேயே நான் பார்த்ததைச் சொல்கிறேன். சாலைக்கு அடியில் மூன்றடிக் குழாய் போட்ட ஒரு மதகு. அக்டோபர் கடைசி, விடிந்தும் விடியாத நேரம். குழாயிலிருந்து தண்ணீர் விழுந்து நுரைக்கிற இடத்தில் பையன்கள் நான்கைந்து பேர் மூங்கில் கம்போடு நின்று அந்த நுரைக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் சிக்கவில்லை. ஆறேழு அடி தள்ளி, ஓட்டம் கரையில் மோதி மடங்கித் திரும்புகிற இடத்தில், ஒரு வாழை மட்டைத் துண்டு மெதுவாகச் சுற்றிச் சுற்றி வந்தது. அதற்குக் கீழே பொடி மீன்கள் விரல் நீளத்துக்கு அடுக்கடுக்காக மூக்கை ஓட்டத்துக்கு எதிராக வைத்து நின்றன. கொஞ்ச நேரத்தில் “பளக்” என்று ஒரு சத்தம். சாம்பல் நிற முதுகு புரண்டு மறைந்தது. வாளை. ஓட்டத்தோடு மல்லுக்கட்டாமல் மடக்கில் படுத்துக்கொண்டு, அடித்து வருகிற பொடி மீனைப் பொறுக்கித் தின்கிறது. ஒரு பையனை அங்கே நகர்ந்து, ஈயக்குண்டைக் கழற்றிவிட்டு, சின்ன உயிர்மீனை முதுகில் கோத்து அந்தச் சுழலில் விடச் சொன்னேன். இரண்டாவது சுற்றிலேயே கம்பு வளைந்தது. மூன்று வீசைக்கு, அதாவது ஏறக்குறைய ஐந்து கிலோவுக்கு, குறையாது.

இரண்டு எச்சரிக்கை. பள்ளங்களில் பல, இன் என்ற பெயரில் ஏலம் எடுத்தவர்களுடையவை. மழை முடிந்ததும் வடிகால் வாயில் மூங்கில் தட்டி கட்டி மீனை மடக்குவார்கள். அந்தத் தட்டி இருக்கிற இடத்தில் கேட்காமல் இறங்காதீர்கள், அவர்கள் வருஷப் பிழைப்பு அது. இன்னொன்று, அறுவடைக் காலத்து வயல் வரப்பில் கண்ணாடி விரியன் இருக்கும். முழங்கால் வரை பூட்ஸ் போடாமல் நடக்க வேண்டாம். மீன் நாளைக்கும் வரும்.

உல்லம் தூண்டிலில் விழுமா? எத்தனையோ இரை போட்டுப் பார்த்துவிட்டேன். – துவாந்தே வாசகர்

விழாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உல்லம், பர்மியர் சொல்லும் ஙா தலௌ, பல்லால் கடித்துத் தின்கிற மீன் இல்லை. நீரில் மிதக்கும் நுண்ணுயிரைச் செவுளால் வடிகட்டித் தின்கிறது. உங்கள் புழுவும் இறாலும் அதற்கு இரையே இல்லை. அதனால்தான் காலகாலமாக ஓட்டத்தோடு மிதக்கவிடும் செவுள்வலையில் பிடிக்கிறார்கள்.

ஆனால் அதன் பயணம் தெரிந்துகொள்ள வேண்டியது. கடலில் வளர்ந்து, மழை வெள்ளம் கடலுக்குள் பாயும்போது அதை எதிர்த்து ஆற்றில் ஏறி நன்னீரில் முட்டையிடுகிறது. குஞ்சு சில மாதம் ஆற்றில் வளர்ந்து கடலுக்கு இறங்கும். முன்பு ஐராவதியில் மண்டலை வரை ஏறியதாகச் சொல்வார்கள். இன்று பெரும்பாலும் டெல்டாவிலேயே வலைக்குள் போய்விடுகிறது. சினை உல்லத்துக்கு ஆசைப்பட்டுச் சந்தையில் இரட்டை விலை கொடுக்கிறோமே, அந்த ஒரு மீனின் வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கிறது. நான் சினை உல்லம் வாங்குவதை நிறுத்தி நாளாகிறது. எங்கள் வீட்டில் சினையில்லாததை வாங்கி, முள் கரைகிற வரை மணிக்கணக்கில் அடுப்பில் வைத்து பர்மாக்காரர் முறையில் வேகவைக்கிறோம். ருசியில் குறைவே இல்லை.

அண்ணே, வயல் குட்டையில் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் கொதிப்பது போல மேலே வருகிறது. அதற்குள் ரப்பர் தவளையைப் போட்டால் பெரிய விரால் உடனே அடிக்கிறது. நல்ல வழியாக இருக்கிறதே? – பகோ வாசகர்

தம்பி, இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், செய்யாதீர்கள்.

அந்த விரால் பசியில் அடிக்கவில்லை. ஆணும் பெண்ணும் புல்லை விலக்கி இடம் செய்து, மிதக்கிற முட்டையைக் காத்து, பொரித்த குஞ்சுகளை வாரக் கணக்கில் கூடவே இருந்து காக்கின்றன. குஞ்சுகள் மூச்சுக்கு மேலே வருவதுதான் நீங்கள் பார்க்கிற கொதிப்பு. உங்கள் ரப்பர் தவளை குஞ்சைத் தின்ன வந்தது என்று நினைத்துத்தான் தாயோ தகப்பனோ பாய்கிறது. அதைப் பிடித்துக் கரையில் போட்ட அரை மணி நேரத்தில் கெண்டையும் கெளுத்தியும் அந்தச் சிவப்புக் கூட்டத்தைக் காலி செய்துவிடும். வாலிபத்தில் நானும் ஒரு முறை பிடித்தேன். மீனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது குஞ்சுகள் தவளை மிதந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருந்தன. அதோடு விட்டேன்.

விராலை மார்கழி, தை மாதத்தில் பிடியுங்கள். குஞ்சு பிரிந்து போயிருக்கும், நீர் சுருங்கியிருக்கும். காலையில் வெயில் ஏறியபின், ஆகாயத்தாமரை ஓரத்தில் குமிழி வருகிற இடத்தைப் பாருங்கள். அது காற்றுக்கு மேலே வந்து போன இடம். குமிழிக்கு ஓரடி முன்னால் போட்டு மெதுவாக இழுங்கள்.

தன்லின் பாலத்துப் பக்கம் கொடுவாவுக்கு எந்த நேரம் போக வேண்டும்? கடல்நீர் ஏற்றத்திலா, வற்றத்திலா? – தன்லின் வாசகர்

வற்றத்தின் முதல் இரண்டு மணி நேரம். ஆனால் பாலத்தடியை விட, ஆற்றில் சேருகிற சின்ன ஓடையின் வாய் நல்லது. ஏற்றத்தில் ஓடைக்குள் போன பொடி மீனும் இறாலும் வற்றத்தோடு வெளியே வரும். கொடுவா, பர்மியர் சொல்லும் ககடித், அந்த வாயில் ஓரமாக நின்று வாங்கிக்கொள்ளும்.

நாளைக் கணக்கும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ரங்கூன் பக்கம் நீர் 5 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஓட்டத்தில் ஈயக்குண்டு நிற்காது, நீரும் சேறாகிவிடும். அஷ்டமி, நவமி ஒட்டிய நாட்களில் ஓட்டம் தளர்ந்து கொஞ்சம் தெளியும். என் கையில் விழுந்த நல்ல கொடுவாவில் முக்கால்வாசி அந்த நாட்களில்தான். ஏற்ற நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதை மறக்க வேண்டாம். நேற்று 7 மணிக்குக் கிடைத்தது என்று இன்றும் 7 மணிக்கே போய் நின்றால் ஏமாற்றம்தான்.

இந்த மீன் உல்லத்துக்கு நேர்மாறு. ஆற்றில் வளர்ந்து, முட்டையிட உப்புநீருக்கு இறங்கும். அதோடு, ஆணாக முதிர்ந்து, சில வருஷம் கழித்துப் பெண்ணாக மாறுகிற மீன் இது. ஆகவே மிகப் பெரிய கொடுவா அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும். சட்டிக்கு இரண்டு மூன்று வீசையே போதும். பெரியது விழுந்தால் நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள்.

பெரிய நன்னீர் இறாலின் வயிற்றில் ஆரஞ்சு முட்டை இருந்தால் ருசி அதிகம் என்கிறார்கள். அது எங்கே கிடைக்கும்? – பெயர் வேண்டாம் என்ற ஒரு சகோதரி

அம்மா, அந்த இறால் அப்போது பயணத்தில் இருக்கிறது. முட்டையை வயிற்றுக்கடியில் சுமந்துகொண்டு உப்பு கலந்த கழிமுக நீருக்கு இறங்குகிறது. குஞ்சு நன்னீரில் பிழைக்காது. உப்புக் கலப்பில் மூன்று முதல் ஆறு வாரம் வளர்ந்து இறால் உருவம் எடுத்தபின் கரையோரமாக மேலே ஏறி வரும். முட்டை இல்லாததே வாங்குங்கள். நீலக்கால் ஆண் இறாலின் தலைக்குள் இருக்கிற கொழுப்புக்கு ஈடான ருசி வேறு எதிலும் இல்லை.

மே முதல் ஜூலை வரை மீன்பிடிக்கத் தடை என்கிறார்கள். ஒரே ஒரு தூண்டிலுக்குமா? – மோல்மேன் வாசகர்

நன்னீர் மீனுக்கு அந்த மூன்று மாதமும் தடைக்காலம். காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது. சினை மீன் வயலுக்கு ஏறுகிற நேரம் அது. உங்கள் ஊர் விவரத்தை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். நான் அந்த மூன்று மாதமும் தூண்டிலைத் தொடுவதில்லை. முள்ளைத் தேய்த்து, புது நரம்பு மாற்றி வைப்பதோடு சரி.

பேட்டரி வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறவர்களைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். அது எந்த மாதத்திலும் குற்றம். பெரிய மீனோடு குஞ்சையும் சேர்த்து அழிக்கிறது. எங்கள் ஓடையில் ஒரு வருஷம் அது நடந்தது. மறு மழைக்கு வயலில் தவளைச் சத்தம்தான் இருந்தது, மீன் துள்ளும் சத்தம் இல்லை. பார்த்தால் ஊர்ப் பெரியவரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

திஞ்ஜான் புத்தாண்டுக்கு மீன் விடுகிறார்களே, நாங்களும் விடலாமா? எந்த மீன், எங்கே? – ரங்கூன் வாசகர்

தாராளமாக. பர்மியப் பெரியவர்கள் இதைக் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். ஏப்ரலில் குட்டைகள் வற்றி, வடிகாலோடு போகத் தவறிய மீன்கள் சேற்றில் மாட்டிக்கொள்ளும். அவற்றை எடுத்து வற்றாத ஏரியிலோ ஆற்று மடுவிலோ விட்டால் அடுத்த மழைக்கு அவையே வயலுக்கு ஏறும்.

அதனால் கடையில் வாங்கி விடுவதை விட, வற்றுகிற குட்டையில் எடுத்து விடுங்கள். திலாப்பியாவும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வேண்டாம். அவை இந்த ஆற்று மீன்கள் இல்லை, நம் மீனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விரால், பனையேறி, தேளி, ரோகு போதும். தேளியை வெறுங்கையால் எடுக்காதீர்கள், பக்க முள் கொட்டினால் இரவு முழுக்கத் தூக்கம் வராது.

நடு வெயிலில் போகாமல் விடியற்காலையில் போங்கள். வாளியை உயரத்திலிருந்து கவிழ்க்க வேண்டாம். முதலில் ஆற்று நீரைக் கை கையாக வாளிக்குள் ஊற்றி, கால் மணி நேரம் பொறுங்கள். பிறகு வாளியின் வாயை நீருக்குள் சாய்த்துப் பிடியுங்கள். பனையேறி உடனே பாய்ந்துவிடும். விரால் வாளிக்குள்ளேயே கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும், அவசரப்படுத்தாதீர்கள்.