போகிப் புகை செயற்கைக்கோளுக்கு ஏன் தெரியவில்லை?

கேள்வி: போகியன்று விடியற்காலையில் காட்பாடியில் எதிர்வீடு தெரியாத அளவுக்குப் புகை. செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் நாசாவின் வேர்ல்டுவியூ தளத்திலோ அன்றைய ஏரோசால் (காற்றில் மிதக்கும் துகள்கள்) அளவு எங்கள் பக்கம் 0.3தான். மே மாதத்தில் புகையே இல்லாத ஒரு நாளில் 0.6 காட்டியது. என் மகளுக்கு வீசிங் உண்டு. எதை நம்பி அவளை வெளியே அனுப்புவது?

பதில்: இரண்டு எண்களும் சரியாகவே இருக்கலாம். ஆனால் மகளை வெளியே அனுப்ப அவற்றை நம்பாதீர்கள்.

நீங்கள் பார்த்தது ஏஓடி எனப்படும் ஒளியியல் ஆழம். தரையிலிருந்து வானத்தின் உச்சி வரை உள்ள தூசி, புகை, உப்புத்துகள் எல்லாம் சேர்ந்து வெயிலை எவ்வளவு மறைக்கின்றன என்பதன் கணக்கு அது. சூரியன் உச்சியில் இருக்கும்போது 0.5 என்றால், அந்தத் துகள்களைத் தாண்டி நேரே வந்து சேரும் ஒளி சுமார் 60 சதவீதம். துகள் எந்த உயரத்தில் நிற்கிறது என்று இந்த எண் சொல்லாது.

விர்ஸ் (VIIRS) போன்ற செயற்கைக்கோள் கருவிகள் நம் ஊரைக் கடப்பது பகல் ஒன்றரை மணி வாக்கில். மார்கழிக் குளிரில் தரையோடு படுத்துக் கிடந்த போகிப் புகை, அதற்குள் வெயில் ஏறி மேலே கலந்து கரைந்திருக்கும். மே மாதத்திலோ தரை கொதித்துத் தூசியைச் சில கிலோமீட்டர் உயரம் வரை கிளப்பிவிடும். மொத்தம் கூடும், மூக்குக்கு எட்டுவது அந்த அளவுக்கு உயராது. காற்றில் ஈரம் இருந்தாலும் துகள்கள் ஊதிப் பெருத்து ஏஓடி அளவை ஏற்றிவிடும்.

இன்னொன்று, செயற்கைக்கோள் பார்ப்பது கீழிருந்து திரும்பி வரும் ஒளியை. வயல்வெளி இருண்டு இருப்பதால் துகளின் ஒளியைப் பிரிப்பது எளிது. வறண்ட பாலாற்று மணலும் மொட்டைப் பாறைக் குன்றுகளும் தாமே பளீரென்று மின்னும். அங்கே பிழை கூடும். அதுவும் பல கிலோமீட்டர் அகலமுள்ள ஒரே சதுரத்துக்கு ஒரே எண்.

மகளுக்காகப் பார்க்க வேண்டியது தரையில் அளக்கும் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ள நுண்துகள்களின் அளவு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் அருகிலுள்ள நிலையத்தைப் பாருங்கள். 24 மணி நேரச் சராசரிக்கு நம் நாட்டு வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். சராசரி குறைவாக இருந்தாலும் போகி விடியலில் ஜன்னலைச் சாத்தி வையுங்கள். டாக்டர் சொன்ன இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஏஓடியை மாதச் சராசரியாக, வருடத்துக்கு வருடம் ஒப்பிடுங்கள். அதற்கு அருமையான கருவி. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வரைபடம் பல நாள் வெறுமையாக இருக்கும். அது மேகம் மறைத்த இடம், சுத்தமான காற்று அல்ல.