கேமராவில் இலை மட்டும் பதிவாவது ஏன்?

கேள்வி: சுற்றுப்பயணிகளால் விலங்குகள் விலகுகின்றனவா என்று மகள் ஆய்வு செய்கிறாள். காட்டுப் பாதையில் வைத்த தானியங்கிக் கேமராவில் வெறும் இலைதான் பதிவாகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அந்தக் கேமரா சூட்டையும் அசைவையும் சேர்த்து உணர்கிறது. வெயிலில் சூடேறிய இலை ஆடினாலே படமெடுத்துவிடும். வெயில் நேரே படும் கிழக்கு, மேற்குப் பக்கம் கேமரா பார்க்க வேண்டாம். வடக்கோ தெற்கோ பார்க்கட்டும். எதிரே 3 மீட்டருக்குப் புல்லை வெட்டி, தடித்த மரத்தில் 40 செ.மீ. உயரத்தில் கட்டச் சொல்லுங்கள். அதற்கு மேலே போனால் சருகுமான் போன்ற சிறிய விலங்கு படத்தில் சிக்காமல் தப்பிவிடும். நம் ஊர் ஈரத்துக்கு கேமராவின் உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் கட்டாயம்.

முக்கியமாக, ஆள் நடமாட்டமில்லாத பாதையிலும் அதே ரகக் கேமரா, அதே உயரத்தில் வேண்டும். இல்லையேல் ஒப்பிட ஒன்றுமிராது. மனிதர் பதிவான படங்களை, எத்தனை பேர் என்று எண்ணிக்கை எடுத்த பிறகே அழிக்கட்டும்.