32 ரூபாய் எங்கிருந்து வந்தது? குடும்பச் செலவு ஆய்வுகளும் அரசின் முடிவுகளும்: கேள்வி பதில்

குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வுகளில் வீடு வீடாகச் செல்லும் கள ஆய்வாளராகத் தொடங்கி, பின்னர் அந்தத் தரவுகளைப் படித்து எழுதுபவனாக என் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். வறுமை, ரேஷன், விலைவாசி பற்றி நாட்டில் நடக்கும் வாதங்கள் பலவற்றுக்கும் அடியில் இந்த ஆய்வுகளே கிடக்கின்றன. சமூக அறிவியல் ஆய்வு அரசின் கொள்கையை எப்படித் தொடுகிறது என்று நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, எனக்கு நன்கு தெரிந்த இந்த ஒரு வழியிலிருந்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், மதுரை): ஐயா, 140 கோடி பேர் வாழும் நாட்டில் இரண்டரை லட்சம் குடும்பங்களைக் கேட்டுவிட்டு எல்லோரைப் பற்றியும் பேசுவது எப்படிச் சரியாகும்?

பதில்: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை நாம் நம்புகிறோம், ஆனால் அந்தப் பானையில் சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஏறியிருந்தால்தான் அது செல்லும். நம் நாட்டுப் பானை அப்படிப்பட்டதன்று. அதனால்தான் மாநிலம், கிராமம், நகரம், நிலம் உள்ளவர், இல்லாதவர் என்று அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் சமவாய்ப்பு முறையில் குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1950-இல் பி. சி. மகலனோபிஸின் முயற்சியால் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கப்பட்டபோது, இவ்வளவு பெரிய ஏழை நாடு ஒன்று இப்படித் தன்னைத் தானே அளந்து பார்த்துக்கொண்டது உலகுக்குப் புதிது. 2022-23 ஆய்வில் 2,61,746 குடும்பங்களிடம் கேட்டார்கள். ஒரு மாநிலத்தின் சராசரியைச் சொல்ல இது போதும். உங்கள் ஒன்றியத்தின் நிலையைச் சொல்லப் போதாது. மாவட்ட அளவில் யாராவது இதை வைத்து அடித்துப் பேசினால் தயங்காமல் கேள்வி கேளுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு): நாளொன்றுக்கு 32 ரூபாய் செலவழிப்பவர் ஏழை இல்லை என்று டெல்லியில் அறிஞர்கள் உட்கார்ந்து எழுதியதை நான் மறக்கவில்லை. இதற்குப் பெயர் ஆய்வா?

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த எண் வந்த வழியைப் பார்த்தால், கோபம் சேர வேண்டிய இடம் சற்று மாறும்.

திட்டக்குழு அமைத்த பணிக்குழு ஒன்று 1979-இல், கிராமத்தில் ஒருவருக்கு 2,400 கலோரியும் நகரத்தில் 2,100 கலோரியும் கிடைக்கும் அளவுக்குச் செலவு செய்பவர் எந்தச் செலவு மட்டத்தில் இருக்கிறார் என்று மாதிரி ஆய்வுத் தரவிலிருந்து கணக்கிட்டது. 1973-74 விலையில் அது கிராமத்தில் மாதம் சுமார் 49 ரூபாய், நகரத்தில் சுமார் 57 ரூபாய். இதுவே வறுமைக்கோடு. பிறகு விலைவாசிக்கேற்ப அதை ஏற்றிக்கொண்டே போனார்கள். வாழ்க்கை மாறியதோ அந்தக் கோட்டுக்குள் ஏறவில்லை. 2009-இல் சுரேஷ் டெண்டுல்கர் குழு கலோரிக் கணக்கைக் கைவிட்டு, கல்வி, மருத்துவச் செலவுகளையும் கருத்தில் கொண்டு கோட்டைத் திருத்தியது. அதனால் 2004-05-க்கான வறுமை விகிதம் 27.5 விழுக்காட்டிலிருந்து 37.2 விழுக்காடாக உயர்ந்தது. அந்தக் கோட்டை 2011-இன் விலைக்கு ஏற்றி, நகரத்துக்கு 32 ரூபாய், கிராமத்துக்கு 26 ரூபாய் என்று உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் திட்டக்குழு பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தபோதுதான் நாடே கொதித்தது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பத்தாண்டுக்கு முன்னும் இன்றும் நிலை எப்படி என்று ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக அந்தக் கோடு பயனுள்ளது. அதையே ரேஷன் கடையின் வாசற்கதவாக மாற்றி, கோட்டுக்கு மேலே உள்ளவருக்கு அரிசி இல்லை என்று சொல்லத் துணிந்ததுதான் பெரும்பிழை. ஏழை யார் என்று கிராமத்தில் பட்டியல் போடும்போது, கோட்டுக்குக் கீழே இருந்த எத்தனையோ வீடுகள் விட்டுப்போனதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அந்த 32 ரூபாய் வாதம் வீணாகப் போகவும் இல்லை. 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வறுமைக்கோட்டைக் கைவிட்டு, கிராம மக்களில் 75 விழுக்காடு வரை, நகர மக்களில் 50 விழுக்காடு வரை ரேஷன் தானியம் என்று வேறு வழியில் சென்றது. தமிழ்நாடு 1997-இல் மற்ற மாநிலங்கள் ஏழைகளுக்கு மட்டும் என்று பிரித்தபோதும் பிரிக்காமல் எல்லோருக்கும் ரேஷன் என்றே நின்றது. அந்த முடிவு சரியானது என்று பின்னர் வந்த ஆய்வுகளைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்பட்டது.

கேள்வி (இதழியல் மாணவி, சென்னை): 1999-2000 ஆய்வை ஒட்டி ஏழைகள் திடீரென்று குறைந்துவிட்டார்கள் என்றும், இல்லவே இல்லை என்றும் பொருளியலாளர்கள் சண்டையிட்டதாகப் படித்தேன். ஒரே தரவிலிருந்து இரண்டு முடிவு எப்படி வரும்?

பதில்: இதற்கான விடை ஒரு திண்ணையில் இருக்கிறது, அம்மா. அதற்கு முந்தைய ஆய்வு ஒன்றில், டெல்டாப் பகுதியின் ஒரு கிராமத்தில், ஒரு தாயிடம் கடந்த 30 நாட்களில் சமையல் எண்ணெய்க்கு ஆன செலவைக் கேட்டேன். "மாசத்துக்கு இவ்வளவுன்னு எப்படிங்க சொல்றது? அன்னன்னைக்கு வாங்குறதுதான்" என்றவர், நான் காத்திருப்பதைப் பார்த்து, "அறுபது ரூபாய்னு எழுதிக்குங்க" என்றார்.

1999-2000-இல் வந்த படிவத்தில் உணவுப் பொருட்களுக்கு இரண்டு கட்டங்கள் அடுத்தடுத்து இருந்தன: கடந்த 7 நாட்கள், கடந்த 30 நாட்கள். இன்னொரு வீட்டில் ஓர் அம்மா விரல் மடக்கி எண்ணினார். வெள்ளிக்கிழமை ஒரு பொட்டலம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு, நேற்று ஒன்று. பொட்டலம் ஆறு ரூபாய், ஆக 24 ரூபாய். அடுத்து 30 நாள் கேள்வியைக் கேட்டதும், நினைவைத் தேடாமல் அந்த 24-ஐ நான்கால் பெருக்கி, "நூறு ரூபாய்னு போட்டுக்குங்க" என்றார். முதல் வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் சமையலில் பெரிய வேறுபாடு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கேள்வி கேட்ட விதம்தான் வேறு.

இது ஒரு கிராமத்தின் கதையாக நின்றிருந்தால் பரவாயில்லை. நாடு முழுவதும் இப்படி 7 நாள் விடை 30 நாள் விடையை மேலே இழுத்துவிட்டது என்பதே விமர்சகர்களின் வாதம். காகிதத்தில் செலவு கூடினால் காகிதத்தில் வறுமை குறையும். 1993-94-இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை 26 விழுக்காடாக இறங்கியது என்று அரசின் கணக்கு சொன்னது. பொருளாதாரச் சீர்திருத்தங்களின் வெற்றி என்று ஒரு தரப்பு அதைக் கொண்டாடியது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன், கேள்வி மாற்றத்தால் பாதிக்கப்படாத பொருட்களின் செலவை மட்டும் பிடித்துக்கொண்டு கணக்கைத் திருத்திப் பார்த்து, வறுமை குறைந்தது உண்மை, ஆனால் அரசு சொன்ன அளவுக்கு இல்லை என்று காட்டினார். இரு தரப்பும் ஒரே தரவைக் கையில் வைத்துக்கொண்டு, படிவத்தின் கட்டங்கள் வரை இறங்கி வாதிட்ட அந்த ஆண்டுகளை நான் மிகவும் மதிக்கிறேன். தரவு வெளியே இருந்ததால்தான் அது நடந்தது.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், விழுப்புரம்): 2017-18 ஆய்வு வெளியிடப்படவே இல்லை அல்லவா? அதனால் உண்மையில் என்ன இழப்பு?

பதில்: ஆம். சராசரி நுகர்வுச் செலவு, விலையேற்றத்தைக் கழித்தால், 2011-12-ஐ விட 3.7 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2019 நவம்பரில் ஒரு நாளிதழில் செய்தி கசிந்தது. தரவின் தரத்தில் குறை உள்ளது என்று கூறி, முடிவுகளை வெளியிடப் போவதில்லை என அரசு அறிவித்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில், வேலையின்மை 6.1 விழுக்காடு என்று காட்டிய ஆய்வறிக்கை தாமதமானபோது, தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் இரு உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். தேர்தல் முடிந்த பிறகு மே மாத இறுதியில் அந்த அறிக்கை வந்தது.

தரத்தில் குறை இருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை; மேலே சொன்ன எண்ணெய்க் கணக்கே அதற்குச் சான்று. ஆனால் குறையுள்ள தரவை வெளியிட்டு, குறை இன்னதென்று சொல்லி, மற்றவர்களைத் திருத்தவிடுவதுதான் 1999-2000-இல் நாம் கடைப்பிடித்த வழி. இந்த முறை கதவு மூடப்பட்டது. 2011-12-க்குப் பிறகு 2022-23 வரை நாட்டின் கையில் அதிகாரபூர்வமான நுகர்வுக் கணக்கே இல்லை. அதற்கு நடுவில் கொரோனா வந்தது. எத்தனை குடும்பங்கள் சறுக்கி விழுந்தன என்று கேட்டால், விழுவதற்கு முன் அவர்கள் எங்கே நின்றார்கள் என்பதைச் சொல்ல ஆளில்லை. புதிய ஆய்வோ, ஒரே வீட்டுக்கு மூன்று முறை சென்று மூன்று வினாப்பட்டியல்களாகக் கேட்கும் முறைக்கு மாறிவிட்டது. அது நல்ல முறை. ஆனால் பழைய ஆண்டோடு நேராக ஒப்பிட முடியாது. ஒப்பிட்டுப் பேசுபவர்கள் எந்தக் கட்சியினராக இருந்தாலும் சற்று எச்சரிக்கையோடு கேளுங்கள்.

கேள்வி (வங்கி ஊழியர், கோவை): ஏழைகளைப் பற்றிய ஆய்வு சரி, நடுத்தரக் குடும்பத்துக்கு இதில் என்ன இருக்கிறது?

பதில்: உங்கள் வங்கியின் வட்டி விகிதம் இருக்கிறது. சில்லறை விலைக் குறியீட்டில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு எடை, அதாவது எவ்வளவு பங்கு, என்பதை இந்த ஆய்வே தீர்மானிக்கிறது. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீட்டில் உணவு, பானங்களுக்கு 45.86 விழுக்காடு எடை இருந்தது. அது 2011-12 குடும்பங்களின் தட்டிலிருந்து எடுத்தது. 2022-23-இலோ மொத்தச் செலவில் உணவின் பங்கு, 2011-12-ஐ விட இரு இடங்களிலும் குறைந்து, கிராமத்தில் சுமார் 46, நகரத்தில் சுமார் 39 விழுக்காடாக இருந்தது. பணவீக்கத்தை 4 விழுக்காட்டை ஒட்டி வைக்க வேண்டிய ரிசர்வ் வங்கி சில்லறை விலைக் குறியீட்டைப் பார்த்தே முடிவெடுக்கிறது. எடை பழையதாக இருந்தால், தக்காளி விலை ஏறும்போதெல்லாம் குறியீடு தேவைக்கு மேல் ஏறும்.

கேள்வி (சத்துணவு அமைப்பாளர், திருச்சி): எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது எந்த ஆய்வுக்காகவும் காத்திருக்கவில்லையே, ஐயா. பிறகு ஆய்வு எதற்கு?

பதில்: உங்களைப் போன்றவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான் இது. 1982 ஜூலை 1 அன்று உங்கள் மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் அது தொடங்கியபோது, இவ்வளவு செலவு தாங்காது என்று சொன்னவர்கள் பலர். பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவதற்கு ஆய்வின் அனுமதி தேவையில்லை; அந்தத் துணிவு அரசியலிலிருந்து வந்தது, வரவும் வேண்டும்.

ஆனால் அந்தச் சோறு தமிழ்நாட்டின் எல்லையைத் தாண்டிப் போனதில் ஆய்வுக்குப் பங்குண்டு. 1996-இல் வட மாநிலங்களின் கிராமப் பள்ளிகளில் நேரடியாகச் சென்று நடத்திய ஒரு கள ஆய்வு 1999-இல் அறிக்கையாக வந்தது. ஏழைப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று அதுவரை வழங்கிவந்த பேச்சை அது உடைத்தது. பிள்ளைகளைப் படிக்க வைக்கவே அவர்கள் விரும்பினார்கள், பள்ளிதான் பள்ளியாக இல்லை. அந்த அறிக்கையை எழுதியவர்களில் ஒருவரான பொருளியலாளர் ஜான் டிரேஸ் உணவு உரிமை இயக்கத்திலும் முன்நின்றார். 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தர ஆணையிட்டபோது, நடைமுறைக்கு ஒவ்வாது என்று யாரும் சொல்ல முடியாதபடி இருபது ஆண்டுத் தமிழ்நாட்டு அனுபவம் கண்முன் நின்றது. 2021-இல் வந்த ஓர் ஆய்வு, பள்ளியில் மதிய உணவு கிடைத்த பெண்களின் பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருப்பதைக் காட்டியது. நீங்கள் அன்று பரிமாறிய சோறு அடுத்த தலைமுறையின் எலும்பில் தெரிகிறது என்பதை அளந்து சொல்ல ஆய்வு வேண்டியிருக்கிறது.

கேள்வி (ஊராட்சி மன்றத் தலைவி, தருமபுரி மாவட்டம்): பெண்களுக்கான இட ஒதுக்கீட்டால் ஊருக்கு என்ன மாறியது என்று யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?

பதில்: ஆராய்ந்திருக்கிறார்கள். எந்த ஊராட்சி பெண்களுக்கு என்பது சுழற்சி முறையில் ஒதுக்கப்பட்டதால், ஒதுக்கப்பட்ட ஊரையும் ஒதுக்கப்படாத ஊரையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பொருளியலாளர்கள் ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் அப்படி ஒப்பிட்டு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் தலைமை ஏற்ற ஊர்களில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிடப்பட்டது தெரிந்தது. பெண்கள் வெறும் கையெழுத்துக்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்பவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி (இல்லத்தரசி, தென்காசி): போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஆய்வு என்று ஒரு பெண் வந்தார். உண்மையைச் சொன்னால் ரேஷன் அட்டையை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து எல்லாவற்றையும் குறைத்துச் சொல்லிவிட்டேன். தப்பா, ஐயா?

பதில்: பயந்தது தப்பில்லை, அம்மா; அந்தப் பயத்தைப் போக்கியிருக்க வேண்டியது வந்தவரின் கடமை. அந்தப் படிவத்தை வைத்து உங்கள் அட்டையை யாரும் மாற்றுவதில்லை. ஆய்வுக்கென்று வாங்கும் விவரம் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்பட வேண்டும். ஆய்வாளர்களுக்குக் கொடுக்கும்போது பெயரையும் முகவரியையும் நீக்கிவிடுகிறார்கள். அவர் மீண்டும் வரும்போது முதலில் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு உட்கார வைத்து, போன முறை குறைத்துச் சொன்னதைச் சொல்லுங்கள். திருத்தி எழுதுவார், கோபித்துக்கொள்ள மாட்டார். எண்ணெய்க்கு எவ்வளவு ஆனது என்று கேட்டால், வாங்கிய நாட்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லுங்கள். நினைவு வரவில்லை என்றால், அவருக்கு நேரமாகிறதே என்று ஏதோ ஒரு தொகையைச் சொல்லிவிடாமல், நினைவில்லை என்றே சொல்லுங்கள்.