சனியும் ஞாயிறும்: ஒரு கடிதம்

அன்பின் எழுத்தாளருக்கு,

கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் வேலை செய்து இளைப்பாறியவன் நான். இப்போது வெள்ளவத்தையில் மகளோடு இருக்கிறேன். வேலை செய்த காலத்தில் வெள்ளிக்கிழமை பின்னேரமானால் மனம் துள்ளும். இப்போது எல்லா நாளும் லீவு, ஆனால் சனி, ஞாயிறில்தான் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. மகளுக்கு ஞாயிறும் வேலை, மருமகனுக்குச் சனி. பேரன் விடியவே ரியூசனுக்குப் போய்விடுகிறான். இது வயசுக் கோளாறா?

வாசகர், வெள்ளவத்தை

அன்பின் ஐயா,

வயசுக் கோளாறு இல்லை. ஓய்வு உங்களிடம் தாராளமாக இருக்கிறது. வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் சும்மா இருக்கிற நாள்தான் இல்லாமல் போய்விட்டது. ஞாயிறின் அருமையே அதில்தான் இருந்தது என்று நான் நம்புகிறேன்.

1966இல் டட்லி சேனநாயக்க அரசாங்கம் ஞாயிறு விடுமுறையையே எடுத்துவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அமாவாசை, பௌர்ணமி, இடையில் இரண்டு என்று பௌத்தர்களின் புனித நாளான போயா மாதத்தில் நான்கு, அந்த நான்கும் விடுமுறை. முந்தின நாள் அரைநாள். சந்திரன் ஏழு நாள் கணக்குக்குள் அடங்காது, அதனால் சில வாரம் எட்டு நாளாக நீளும். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. கிறிஸ்தவ நண்பர்கள் ஞாயிறு விடியப் பூசை கண்டுவிட்டு வகுப்புக்கு ஓடி வருவார்கள். வெளிநாட்டு வியாபாரத்துக்கும் பெரிய இடைஞ்சல், லண்டன் திறந்திருக்கும் நாளில் கொழும்பு பூட்டிக் கிடக்கும். 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. பௌர்ணமிப் போயா மட்டும் லீவாகத் தங்கிவிட்டது.

ஆனால் அந்த வருடங்களிலும் எங்கள் வீட்டில் லீவு நாள் லீவு நாளாகவே இருந்தது. செவ்வாயோ வியாழனோ, அப்பா வீட்டில் நிற்பார், சித்தப்பா குடும்பம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும், பின்னேரம் காலிமுகத்திடலில் பட்டம் விடுவோம். எந்தக் கிழமை என்று யாரும் கவலைப்படவில்லை. ஊர் முழுக்க ஒன்றாக வேலையை நிறுத்தியது, அது போதுமாக இருந்தது.

இப்போது கிழமைகள் ஒழுங்காக வருகின்றன, ஆட்கள்தான் சிதறிவிட்டார்கள். கடை, கந்தோர் ஊழியருக்குக் கிழமைக்கு ஒன்றரை நாள் லீவு என்று 1954ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. சரி, அந்த லீவு ஒரே வீட்டில் ஆளுக்கொரு நாளில் விழுந்தால் என்ன செய்வது? 2022 பொருளாதார நெருக்கடியில் வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரச ஊழியருக்கு வெள்ளியும் லீவு கொடுத்தார்கள். தனியாரில் வேலை செய்தவர்கள் அன்றைக்கும் எரிபொருள் வரிசையைக் கடந்து வேலைக்குப் போனார்கள்.

எனக்குக் கோபம் வருவது ரியூசன் விஷயத்தில்தான். ஐந்து நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை ஞாயிறு விடியவும் எழுப்பி அனுப்புகிறோம். சாதாரண தரப் பரீட்சை, உயர்தரப் பரீட்சை என்று பயந்து பயந்து, அம்மம்மா வீட்டுக்கு ஒரு பகல் போய் வர நேரமில்லாத பிள்ளைகளை வளர்க்கிறோம். இதற்குப் பெரியவர்கள் நாங்கள்தான் பொறுப்பு.

மகளோடு பேசுங்கள். மூன்று பேருக்கும் லீவு ஒன்றாக விழக்கூடிய நாள் பௌர்ணமிப் போயாதான். அடுத்த போயாவுக்கு இப்போதே சொல்லி வையுங்கள், சித்தப்பா, மாமி வீட்டுக்காரரையும் சாப்பிடக் கூப்பிடுங்கள். அன்றைக்கு ரியூசன் மாஸ்டர் வகுப்பு வைத்தாலும் பேரனை அனுப்ப மாட்டேன் என்று நில்லுங்கள். வீட்டில் சண்டை வரும். வரட்டும்.